விண்வெளி வீரர் காலணி: முதல் மாதிரி வரைவு, எங்கே தப்பு?

#1 புதுவரைவு

இரண்டு மாதிரிகள் செய்யப்போகிறோம். ஒன்று, சுற்றுப்பாதை நிலையத்துக்குள் போட்டுக்கொள்ளும் ஷூ. மற்றது, நிலாத் தரையில் நடக்கும் பூட். வரைவு இப்படி இருக்கிறது:

நிலைய ஷூ: பாலியஸ்டர் பின்னல் அப்பர் (மேல்பகுதி), முன்பக்கம் ஏழு ஜோடித் துளையில் லேஸ், 20 மி.மீ. ஈ.வி.ஏ. நுரை மிட்சோல் (நடு அடுக்கு), சோலுக்குள் நான்கு நியோடிமியம் காந்த வில்லைகள். வீரர் ஓரிடத்தில் நின்று வேலை பார்க்கலாம் என்பது எண்ணம்.

நிலா பூட்: அதே லாஸ்ட் (ஷூ தைக்கும் பாத அச்சு), அளவு 43. உள்ளே காற்றடைப்புப் பை, அதன் மேல் நைலான் துணி, வெளியே 15 மி.மீ. சிலிகான் ரப்பர் சோல். சோலுக்கும் பைக்கும் நடுவில் அலுமினியம் பூசிய படலம் 20 அடுக்கு.

தயவுதாட்சண்யம் வேண்டாம், கிழித்துப் போடுங்கள். துணி வெட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொண்டால் நல்லது.

#2 அச்சுக்கட்டை

முதலில் காந்தம், ஏனென்றால் அது ஒரு வரியில் முடியும். நிலையத்தின் உடற்கூடு பெரும்பாலும் அலுமினியம், ஒட்டாது. இரும்புத் தகடு பதித்தால் வீண் எடை, பக்கத்துக் கருவிகளுக்கும் தொந்தரவு.

அடுத்ததுதான் பெரிய விஷயம். எடையின்மையில் உள்ளங்காலுக்கு வேலையே இல்லை, வேலை முழுக்க மேற்பாதத்துக்கு. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வீரர்கள் பெரும்பாலும் சாக்ஸோடுதான் மிதக்கிறார்கள். ஓரிடத்தில் நிற்க வேண்டுமானால் காலைக் கைப்பிடிக் கம்பிக்கு அடியில் நுழைத்து, கணுக்காலை மேலே இழுத்து, மேற்பாதத்தால் கம்பியைக் கொக்கி போலப் பிடிக்கிறார்கள். சில வாரங்களில் உள்ளங்காலின் தடித்த தோல் உரிந்து குழந்தைப் பாதம் மாதிரி ஆகிவிடும். மேற்பாதமோ சொரசொரவென்று தடித்துப்போகும். ஆக உங்கள் 20 மி.மீ. மெத்தை இருப்பது சுமையே வராத பக்கத்தில். சுமை வருகிற இடத்தில் இருப்பது லேஸ் முடிச்சும் உலோகத் துளை வளையமும். இதைவிட மோசமாக ஒரு ஷூவை வரைவது கஷ்டம் (கோபித்துக்கொள்ளாதீர்கள், முதல் வரைவு எல்லாருக்கும் இப்படித்தான் வரும்).

எவ்வளவு சுமை? வீரர் கையால் 50 நியூட்டன் இழுக்கிறார், கை பாதத்திலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில். திருப்பு விசை 60 நியூட்டன் மீட்டர். அதைத் தாங்குவது மேற்பாதத்தில் படும் கம்பியும், விரல் நுனியோ குதிகாலோ சுவரில் படும் புள்ளியும் மட்டுமே. இரண்டுக்கும் இடைவெளி 10 செ.மீ. என்றால் கம்பியில் 600 நியூட்டன், ஒரு காலுக்கு 300. தொடும் பரப்பு 6 × 2 செ.மீ. என்று வைத்தால் 250 கிலோபாஸ்கல். தந்துகிகளில் ரத்தம் ஓடுவதை நிறுத்த 4, 5 கிலோபாஸ்கலே போதும். 250 கணநேர உச்சம்தான், ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு நிலையாக இருந்தாலும் அரைமணியில் கால் மரத்துப்போகும்.

#3 தையல்கோடு

அச்சுக்கட்டை சொன்னதோட தொடர்ச்சியா, லாஸ்டும் தப்பு. 43 அளவு லாஸ்ட் நிக்கிற காலுக்குச் செஞ்சது. எடை விழுந்த பாதம் நீண்டு, அகலமாகி, வளைவு தாழ்ந்து இருக்கும். விண்வெளியில அப்படி இல்ல. காலைத் தொங்கவிட்டு ஸ்கேன் எடுங்க, தரையில ஊன்றி எடுக்காதீங்க.

கணுக்கால் கோணமும் 90 இல்ல. ஸ்கைலேப் (அமெரிக்காவோட முதல் விண்வெளி நிலையம்) படங்களை அளந்து எடுத்த இயல்பு நிலையில முழங்கால் 133 டிகிரி, இடுப்பு 128, கணுக்கால் 111. அதாவது பாதம் 21 டிகிரி கீழே தொங்குது. 90 டிகிரியில பேட்டர்ன் போட்டா பின் விளிம்பு குதிகால் தசைநாணைக் கடிக்கும், முன்னாடி டங் (லேஸுக்கு அடியில இருக்கிற நாக்கு) தூக்கிக்கிட்டு நிக்கும். பின் விளிம்பை 6 முதல் 8 மி.மீ. இறக்கி ஆரம்பிங்க.

மேற்பாதத் தட்டுக்கு என் அடுக்கு, உள்ளிருந்து வெளியே: 1.5 மி.மீ. ஸ்பேசர் பின்னல் (நடுவில இடைவெளி விட்ட காற்றோட்டத் துணி) லைனிங், 3 மி.மீ. திறந்த கண் நுரை (காற்று உள்ளே வெளியே போற வகை), காலின் வடிவத்துக்கு வளைச்ச 1 மி.மீ. டி.பி.யூ. பிளாஸ்டிக் தகடு (கடினம் ஷோர் ஏ 95), மேலே தேய்மானத் துணி. தகட்டில குறுக்கே 8 மி.மீ. இடைவெளியில வெட்டு விடுங்க, இல்லேன்னா கால் மடங்காது. தகட்டோட மேல் முனை கணுக்கால் மடிப்புக்கு 15 மி.மீ. கீழேயே நிக்கணும். அதைத் தாண்டினா காலை மேலே இழுக்கும்போதெல்லாம் குத்தும், அந்த இழுப்புதான் இங்க நாள் முழுக்க நடக்குற வேலையே.

லேஸ் வேண்டாம். பக்கவாட்டில ஒரே பட்டை, வெளிப்பக்கம். உள்பக்கம் வச்சா ரெண்டு காலும் உரசி மாட்டிக்கும். சோல் 2 மி.மீ. போதும், விரல் நுனிக்குக் கீழே மட்டும் ரப்பர். சுவரைத் தள்ளிக் கிளம்பறது பெருவிரல்தான்.

#4 சுழல்தளம்

காந்தம் இல்லையென்றால் வெல்க்ரோ? அப்போலோ காலத்திலிருந்து இருக்கிற முறை, மலிவு, எடையும் குறைவு. ஏன் யாரும் பேசவில்லை?

#5 வெற்றிடக்குடுவை

பேசலாம். மூன்று சிக்கல்.

ஒன்று, வெல்க்ரோ உரித்தெடுக்கும் விசைக்குப் பலவீனமானது, வெட்டு விசைக்கு மட்டும் பலசாலி. வீரர் கையால் எதையாவது தள்ளும்போது பாதத்தில் உருவாவது உரிக்கும் விசை. குதிகால் தூக்கியதும் சர்ரென்று பிரிந்துவிடும்.

இரண்டு, ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் நூல் துணுக்குகள் உதிரும். தரையில் விழாது, காற்றோட்டத்தில் போய் வடிகட்டி வலையில் சேரும்.

மூன்று, தீ. பருத்தி எரிய 18 விழுக்காடு ஆக்சிஜன் போதும். தீத்தடுப்புத் துணியான நோமெக்ஸுக்கு 28, 30 வேண்டும். நிலா நிலையங்களுக்குத் திட்டமிடும் உள்காற்று 56.5 கிலோபாஸ்கல், 34 விழுக்காடு ஆக்சிஜன். அங்கே நோமெக்ஸே எரியும். நைலான் கொக்கிப் பட்டையைச் சோல் அளவுக்குப் பரப்பிவிட்டால் சோதனையில் தேறாது. சின்னச் சின்னத் துண்டாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத்தான் வைக்கலாம்.

புதுவரைவுக்குத் தனியாக: ஒட்டுப் பசையைத் தேர்ந்தெடுக்கும் முன் நாசா 6001 தரத்தின் ஏழாம் சோதனையை மனதில் வையுங்கள். 49 டிகிரியில் 72 மணி நேரம் மூடிய கலத்தில் வைத்து, வெளிவரும் வாயுவை அளப்பார்கள். ஷூ தொழிலில் ஓடும் கரைப்பான் பசைகள் இதில் வரிசையாக விழும். நிலைய ஷூவில் பசையே இல்லாமல் தைத்து முடிக்க முடியுமானால் அதுதான் நல்லது.

#6 சுழல்தளம்

சரி, வெல்க்ரோவை விட்டேன். ஸ்கைலேப் பாணி?

#7 அச்சுக்கட்டை

ஸ்கைலேப்பில் (1973, 74) தரை முழுக்க முக்கோணக் கண் வலைச்சட்டம். ஷூ அடியில் முக்கோணத் தகடு. கண்ணுக்குள் விட்டுக் காலைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். பிடி அருமை, இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். ஆனால் அதற்கு அந்தத் தரை வேண்டும். இன்றைய நிலையத்தில் நாலு பக்கமும் ரேக், "தரை" என்று ஒன்றே கிடையாது. ஒரு வேலைமேடைக்கு முன்னால் மட்டும் சட்டம் போடுவதானால் பொருந்தும், நாள் முழுக்கப் போட்டுத் திரியும் ஷூவுக்கு அல்ல. விண்நடை உடையின் பூட்டும் இதே குடும்பம்தான்: விரல்பகுதியைச் சட்டத்தின் வளையத்துக்குள் நுழைத்து, குதிகாலைத் திருப்பிக் கொக்கியில் மாட்டுவார்கள். அதில் நடப்பது நோக்கமே இல்லை.

#8 நடைஅளவி

உடற்பயிற்சியை யாரும் தொடவில்லை. நிலையத்தில் "ஷூ" என்று உண்மையில் போடுவது அப்போதுதான். ஓடுதளத்தில் வீரரை இடுப்பு, தோள் பட்டையால் கீழே இழுத்துக் கட்டியிருக்கும். நிலையத்தில் பாதவிசையை அளந்த ஆய்வில் (கவானா குழு, 2010) நடையில் உச்ச விசை உடல் எடையின் 0.89 மடங்கு, ஓட்டத்தில் 1.28. பூமியில் அதே வேலைக்கு 1.18, 2.36.

இதிலிருந்து ஷூக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது: பூமியில் 2.36 மடங்குக்கு வடிவமைத்த மிட்சோல் மேலே பாதிதான் அமுங்கும். இன்னும் மெத்தென்று செய்யலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். அந்த ஓட்டத்தின் நோக்கமே எலும்புக்கு அடி கிடைப்பது. அடியை மெத்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரப் பயிற்சி வியர்வையோடு போச்சு. எடை தூக்கும் கருவிக்கோ தட்டையான, கடினமான சோல் வேண்டும். மெத்தென்ற சோலில் ஸ்குவாட் போட்டால் குதிகால் பக்கவாட்டில் ஆடும். ஆகவே பயிற்சி ஷூ தனி, மிதக்கும் ஷூ தனி.

விசை அளக்க எஃப்.எஸ்.ஆர். (அழுத்தினால் மின்தடை மாறும் உணரி) இன்சோல் வாங்கப்போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: நிலையான சுமையில் அதன் அளவு தானாகவே நகரும், சூடானாலும் நகரும். கம்பிக்கு அடியில் இருபது நிமிடம் கொக்கி போட்ட காலை அளக்க அது லாயக்கில்லை. கொண்மி (கெபாசிட்டர்) வகை உணரி எடுங்கள், ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் தெரிந்த எடையை வைத்துச் சரிபாருங்கள்.

#9 புதுவரைவு

நன்றி, நிலைய ஷூவை அடியோடு மாற்றுகிறோம். தையல்கோடு சொன்ன அடுக்குதான். இதைத் தரையில் சோதிப்பது எப்படி? எடையின்மை கைவசம் இல்லையே.

#10 தையல்கோடு

ஆளை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. சக்கரப் பலகை மேல உடம்பு, தலைக்கு அடியிலயும் ரெண்டு முழங்காலுக்கு நடுவிலயும் தலையணை. பாதத்துக்கு எதிரே சுவரில 30 மி.மீ. கம்பி, சுவருக்கும் கம்பிக்கும் இடையில ஷூ நுழையற இடைவெளி. கையில வில் தராசு, 20 நியூட்டன்ல ஆரம்பிச்சு 50 வரைக்கும். ஒவ்வொரு சுமைக்கும் 10 நிமிஷம். முடிஞ்சதும் ஷூவைக் கழட்டி மேற்பாதத்தைப் பாருங்க. சிவப்புக் கோடு தெரிஞ்சா தகட்டு விளிம்பு இடிக்குது, விளிம்பை 0.5 மி.மீ.க்குச் சீவுங்க. அகலமா லேசான சிவப்பு, சீக்கிரம் மறைஞ்சா பரவாயில்ல. நரம்பு ஓடற கோட்டுக்கு மேல வெள்ளையா ஒரு புள்ளி நின்னா அந்த இடத்தில தகட்டைக் குழிச்சு எடுக்கணும்.

#11 வெற்றிடக்குடுவை

இனி பூட். புதுவரைவு சோலைக் கவனித்திருக்கிறீர்கள், காற்றைக் கவனிக்கவில்லை.

உடைக்குள் அழுத்தம் 29.6 கிலோபாஸ்கல் என்று எடுத்துக்கொள்வோம் (நிலையத்தின் விண்நடை உடை அளவு). சோல் பரப்பு 28 × 9 செ.மீ. காற்று சோலை வெளியே தள்ளும் விசை சுமார் 746 நியூட்டன். உடையோடு 180 கிலோ வரும் ஆள் நிலாவில் ஒற்றைக்காலில் நின்றால் தரையை அமுக்கும் விசை 292 நியூட்டன்தான். புரிகிறதா? ஆள் ஏறி நின்றாலும் சோல் தட்டையாகாது. உங்கள் நைலானும் ரப்பரும் சேர்ந்து தொட்டில் அடி மாதிரி உருண்டு புடைக்கும், அவர் அதன் மேல் ஆடிக்கொண்டிருப்பார். புதிய உடைகளில் பேசப்படும் 56.5 கிலோபாஸ்கலுக்குப் போனால் 1,420 நியூட்டன்.

எனவே பைக்கு அடியில் ஷாங்க் (சோலை விறைப்பாக வைக்கும் தகடு) கட்டாயம். கார்பன் நார்த் தகடு, இரண்டு துண்டு. குதிகாலிலிருந்து பாத நீளத்தில் 70 விழுக்காடு அளவில், விரல் மூட்டுக் கோட்டில் பிரியுங்கள். நடுவில் 25 மி.மீ. மடியும் பகுதி, அதற்குக் குறுக்காக மட்டும் பட்டை நாடா. நீளவாக்கில் போட்டால் மடியாது. தகட்டு விளிம்பிலிருந்து மேற்பாதத்தைச் சுற்றி நாடா ஏறி எதிர் விளிம்பில் முடிய வேண்டும், புடைப்பைப் பிடித்து வைப்பது அதுதான்.

கணுக்காலில் வேறு கதை. மடங்கும்போது உள் கொள்ளளவு 100 கன செ.மீ. குறைந்தால் வீரர் ஒவ்வோர் அடிக்கும் 3 ஜூல் காற்றை அமுக்கவே செலவழிக்கிறார், கால் திரும்பவும் தானாக நேராகிவிடப் பார்க்கும். முன்பக்கம் சுருங்கும் அளவு பின்பக்கம் விரியும்படி மடிப்பு வையுங்கள்.

சோதனை முறை: கணுக்கால் வாயைத் தகட்டால் அடைத்து, முதலில் தண்ணீரால் 1.5 மடங்கு, அதாவது 44.4 கிலோபாஸ்கல். அதில் தேறிய பிறகே காற்று. 12 செ.மீ. விட்டமுள்ள வாயில் 29.6 கிலோபாஸ்கலுக்கே 335 நியூட்டன் வெளியே தள்ளும். கிளாம்ப் தளர்வாக இருந்தால் தகடு எகிறும், எதிரே ஆள் நிற்கக் கூடாது.

இன்னொன்று, மூடிய கண் நுரை. ஈ.வி.ஏ. இன்சோலின் ஒவ்வொரு குமிழிலும் அடைபட்டிருப்பது பூமிக் காற்று, 101 கிலோபாஸ்கல். உடை அழுத்தத்துக்கு இறங்கியதும் இன்சோல் உப்பிக் காலை நெரிக்கும். பல மணி நேரத்தில் வாயு மெல்லக் கசிந்துவிடும். திரும்பப் பூமி அழுத்தத்துக்கு வந்ததும் குமிழ்கள் நசுங்கி, இன்சோல் காய்ந்த தோல் மாதிரி சுருங்கிக் கிடக்கும். மேசை மேல் ஒரு வெற்றிட ஜாடியில் துண்டு ஒன்றை வைத்துப் பம்பை ஓட்டினால் கண்ணாலேயே பார்க்கலாம். திறந்த கண் நுரை, ஃபெல்ட், ஸ்பேசர் பின்னல் இவற்றுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

#12 மண்துகள்

படல அடுக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது வெற்றிடத்தில் வேலை செய்வது அடுக்குகள் ஒன்றையொன்று லேசாகத் தொடும்வரைதான். பாதத்துக்கு அடியில் ஆள் ஏறி நின்றால் இருபதும் சேர்ந்து ஒரே தகடு, வெப்பம் நேராகக் கடத்தும். அப்போலோ வீரர்கள் பூட்டுக்கு மேல் போட்ட வெளி பூட்டில் காப்டான் (வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்) படலமும் கண்ணாடி நார்த் துணியும் மாறிமாறி 25 அடுக்கு இருந்தது, ஆனால் சோலுக்குள் தனியாக நோமெக்ஸ் ஃபெல்ட்டும் வைத்தார்கள். காரணம் இதுதான். பக்கவாட்டுக்கும் மேலுக்கும் படலம், அடியில் அமுங்காத பொருள்.

கணக்கு: தொடும் பரப்பு 0.02 ச.மீ., தடிமன் 15 மி.மீ., கால் 300 கெல்வின், தென்துருவ நிழல் குழியில் தரை 50 கெல்வின். வெறும் சிலிகான் ரப்பர் (வெப்பக் கடத்துமை 0.2 வாட்/மீ.கெ.) என்றால் ஒரு காலுக்கு 67 வாட் போகும். 0.02 உள்ள காப்புப் பொருளில் 6.7 வாட். முதலாவதில் விரல் மரத்துப்போவது உறுதி.

இது மிக மோசமான நிலைக்கான கணக்கு. நிலாமண்ணே வெற்றிடத்தில் அபாரமான காப்பு, கால் வைத்த இடம் கொஞ்சம் சூடானதும் ஓட்டம் குறையும். எனவே ஒரே இடத்தில் நிற்பவரைவிட நடப்பவருக்குக் குளிர் அதிகம், ஒவ்வோர் அடியும் புதுக் குளிர். பாறை மேல் நிற்பவர் நிலை இரண்டையும்விடக் கேடு.

ரப்பரும் 50 கெல்வினில் ரப்பர் இல்லை. சாதாரண சிலிகானே சுமார் மைனஸ் 125 டிகிரியில் கண்ணாடியாகிவிடும், பாலியூரித்தேன் அதற்கு வெகு முன்பே. தடித்த ஒரே பாளமாகச் செய்தால் மடிகிற கோட்டில் விரிசல் விழும். சின்னச் சின்னக் கட்டிகளாகப் பிரித்து, மடிய வேண்டிய வேலையைத் துணிக்குக் கொடுங்கள்.

#13 புதுவரைவு

திரவ நைட்ரஜன் ஊற்றிய அலுமினியத் தகட்டின் மேல் பூட்டை வைத்துச் சோதித்தால் போதுமா?

#14 மண்துகள்

விரிசல் பார்க்கப் போதும். 77 கெல்வின், ரப்பர் உடையுமா என்பது தெரிந்துவிடும் (காற்றோட்டமான இடத்தில் மட்டும், மூடிய அறையில் நைட்ரஜன் ஆளை மயக்கிச் சாய்த்துவிடும்). வெப்ப இழப்பு அளக்கப் போதாது. காற்றில் படல அடுக்கு உதவாது, ஏரோஜெல்லும் (நுண்துளை நிறைந்த காப்புப் பொருள்) வெற்றிடத்தில் இருப்பதைவிடக் காற்றில் அதிகம் கடத்தும், மேலே உறைபனி வேறு படியும். பக்கவாட்டு இழப்பு உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் சிட்டாடல் என்ற கடுங்குளிர் வெற்றிட அறையில் கையுறையையும் பூட்டையும் சோதித்தபோது உள்ளே போனது மனிதக் கால் அல்ல, வெதுவெதுப்பான திரவம் ஓடும் பொம்மைக் கால், வெப்ப உணரிகளோடு. உங்களுக்கும் அதுவே வழி: 37 டிகிரித் தண்ணீர் ஓடும் சிலிகான் பாதம், போகும் வரும் வெப்பநிலை வித்தியாசம், ஓட்ட அளவு. அவ்வளவுதான் கருவி.

தூசுக்கு: நிலாமண் காற்றும் நீரும் தேய்க்காத மண், ஒவ்வொரு துகளும் கூர்விளிம்பு. நொறுக்கிய பசால்ட்டோடு உடைந்த கண்ணாடித் தூளும் கலந்து, கல் மெருகேற்றும் உருளையில் துணித் துண்டுகளைப் போட்டுச் சுற்றுங்கள். முகத்தில் துகள் வடிகட்டி முகமூடி, கட்டாயம். முன்னும் பின்னும் இழுவிசை வலிமை அளந்து ஒப்பிடுங்கள். வெளித்துணியில் ஜிப் வேண்டாம், பல்லிடுக்கில் தூசு ஏறினால் இறுகிவிடும்.

#15 நடைஅளவி

நடையைச் சோதிக்க நாசாவின் லாங்லி மையம் 1960களில் கையாண்ட உத்தி இன்றும் செல்லும். ஆளைப் பக்கவாட்டில் கயிறுகளால் தொங்கவிட்டு, 9.5 டிகிரி சாய்ந்த பலகைச் சுவரில் நடக்க விடுவது. சைன் 9.5 டிகிரி 0.165, அதாவது நிலாவின் ஈர்ப்பு, பூமியில் ஆறில் ஒரு பங்கு. பக்கவாட்டு அசைவு தெரியாது என்பது குறை, ஆனால் குதிகால் பூட்டுக்குள் தூக்குகிறதா என்று பார்க்க இதுவே போதும்.

குதிகால் தூக்கல்தான் கடைசிவரை தொல்லை கொடுக்கும். அழுத்தம் ஏறியதும் பை காலை விட்டு விலகி உப்பும், பூட் தரையிலேயே இருக்க உள்ளே கால் மட்டும் எழும்பும். வெளிப்பக்கப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, இறுகுவது காற்றுப் பைதான். பைக்கு உள்ளே, மேற்பாதத்தைக் குறுக்காகப் பிடித்துக் குதிகாலைப் பின்னுக்கு இழுக்கும் பட்டை வேண்டும். அதன் கம்பிவடத்தை வெளியிலிருந்து திருகும் குமிழுக்குக் கொண்டுவந்தால், பை வழியாக வரும் துளைக்கு ஒரு காற்றடைப்பும் சேர்த்து யோசியுங்கள்.

#16 புதுவரைவு

குமிழ் வேண்டாம், அழுத்தம் ஏற்றும் முன்பே உள்பட்டையை இறுக்கிவிட்டால்?

#17 தையல்கோடு

ஏத்தினதும் பை விரியும், பட்டையோட நங்கூரத் தையல் பையில இருந்தா அதுவும் கூடவே விலகும், இறுக்கம் கூடிக் காலை அறுக்கும். நங்கூரத்தை ஷாங்க் தகட்டு விளிம்பில போடுங்க, பையில போடாதீங்க. தகடு நகராது. அப்புறம் குமிழ் இல்லாமலே சமாளிக்கலாம்.